அமீன் பாய் விரும்பாத குவிமாடம்

அமெரிக்காவில், காப்பெல் நகரில், காரை நிறுத்திவிட்டு அலுவலகத்துக்குள் நுழையும்போது போன் வந்தது. அமீன் பாயின் மகள் சஃபியா. எப்போதும் ஆங்கிலத்திலேயே பேசுகிற பெண், அன்று தமிழில் சொன்னாள்: "அங்கிள், வாப்பா மவுத்தாயிட்டாங்க." புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் லிஃப்ட் பொத்தானை அழுத்த மறந்து நின்றுகொண்டிருந்தேன்.

கீழக்கரைக்காரரான அவரும் தூத்துக்குடிக்காரனான நானும் ஒரே கட்டடக்கலை நிறுவனத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜை. துருக்கியின் உதுமானியப் பேரரசுக் கட்டடங்கள் என்றால் அவருக்குப் பித்து. "உங்க கிறிஸ்தவக் கோயிலைப் பார்த்துத்தான் எங்க ஆளுங்க டோம் கத்துக்கிட்டாங்க, ஃபெர்னாண்டோ. கான்ஸ்டான்டினோபிளைப் பிடிச்சதும் அங்கே இருந்ததைப் பார்த்துப் பார்த்துக் கட்டினாங்க" என்பார். அதே மூச்சில் குறையும் சொல்வார்: "சுல்தான் கட்டினதுதான் பள்ளிவாசல்னு ஆயிடுச்சு. எங்க ஊர்ல கல்தூண், தட்டைக்கூரை. அதுலயும் அல்லாவைத்தான் தொழுறோம்."

காப்பெலுக்குப் பக்கத்து ஊரில் பள்ளிவாசல் கட்ட ஒரு கமிட்டி வரைபடம் கேட்டபோது, கீழக்கரை மாதிரியைத்தான் வரைந்து கொண்டுபோனார். கமிட்டித் தலைவர் தயங்காமல் சொல்லிவிட்டார்: "டோம் இல்லாவிட்டால் என் பிள்ளைகள் இதை மசூதி என்றே நம்ப மாட்டார்கள்." அமீன் பாய் வாதாடிப் பார்த்துத் தோற்றார். பிறகு உதுமானிய பாணியில் ஒரு குவிமாடம் வரைந்தார். குறை சொல்ல முடியாத அழகு.

நகராட்சி விசாரணையில் அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். "சுல்தான் ஆட்சியை இங்கே கொண்டுவராதீர்கள்" என்றார் ஒருவர். குவிமாடத்தை நீக்கினால் அனுமதி என்று முடிவானது. தலைவர் அமீன் பாயிடம் வந்து, பழைய வரைபடத்தையே கேட்டார். அவர் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டதே என்று நான் மகிழ்ந்தேன். அவர் முகம் இருண்டது.

"எங்க ஊர்ல யாரும் மிரட்டிக் கூரையைத் தட்டையாக்கல, ஃபெர்னாண்டோ. பயந்து கட்டினா அது கீழக்கரைப் பள்ளி ஆகாது."

தலைவரும் இணங்க, குவிமாடத்தோடே அனுமதி கேட்டு மேல்முறையீடு செய்தோம். அந்த விசாரணைக்கு, கீமோ எடுத்த அதே வாரத்தில், சஃபியா அவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தாள். உட்காரச் சொன்னார்கள், நின்றேதான் பேசினார். தோற்றோம். திரும்பும் வழியில், ஃப்ரீவேயில், அழுதார். மகள் கண்ணாடி வழியே சாலையையே பார்த்து ஓட்டினாள்.

அடக்கத்துக்கு முந்தைய ஜனாஸா தொழுகை வாடகைக் கிடங்கு ஒன்றில் நடந்தது. பள்ளிவாசலுக்கு வாங்கிய நிலத்தில் இன்னும் புல்தான் மண்டிக்கிடக்கிறது. இதைப் படிக்கும், அவரை அறிந்த உங்களுக்கு ஆறுதலாகச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்த மேல்முறையீட்டு அரங்கில் அவர் சொன்னது மட்டும் இருக்கிறது. ஆங்கிலத்தில்தான் சொன்னார், எனக்கு அவருடைய தமிழில்தான் கேட்கிறது:

"இந்த டோம் எனக்கும் பிடிக்கல. ஆனா வேண்டாம்னு சொல்ல வேண்டியது நாங்க. நீங்க இல்ல."