பார்வதியின் பீடத்தில் ஒரு பெருவிரல்

ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் இறக்கும் வேலை நின்றபோது கொட்டாஞ்சேனைப் பட்டறையில் அரம் பிடிக்கச் சேர்ந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அது நல்ல வேலை. பொலன்னறுவையில் கிடைத்த பழங்காலப் பார்வதி சிலையின் நகலை ஒரு சாண் உயரத்தில் வெண்கலத்தில் வார்த்து, வெளிநாட்டில் சிலை சேர்ப்பவர்களுக்கு அனுப்புவோம்.

முதல் மெழுகுச் சிலையைச் செய்தவர் பாமன்கடையில் இருந்த தன் வீட்டிலிருந்து வருவார். மெழுகு இளகியிருந்தபோது பீடத்தின் பின்புறம் அவருடைய பெருவிரல் பதிந்துவிட்டது. கவனிக்காமல் அதிலிருந்தே ரப்பர் அச்சு எடுத்தார்கள். பிறகு வார்த்த ஒவ்வொரு சிலையிலும் அந்த விரல் வந்தது, குறுக்கே ஓடும் வெட்டுத் தழும்போடு.

“எனக்கு மூண்டு தரம் விசா இல்லையெண்டவங்கள், மல்லி,” என்பார், தம்பியைச் சிங்களத்தில் சொல்லி. “இப்ப என்ட விரல் மட்டும் பிளேன்ல போகுது.”

முதலாளி சிரிக்கவில்லை. “வாங்கினவன் பழுதெண்டு எழுதியிருக்கிறான். இனி எல்லாத்தையும் அராவிவிடு.”

அராவினேன்.

மெழுகுச் சிலை செய்தவர் டெங்குவில் நாலே நாளில் போய்விட்டார். பொரளையில் எரித்தோம். நான் அராவிய சிலையொன்றிலிருந்து முதலாளி புது அச்சு எடுத்தார். பழைய அச்சு குப்பை லொறியில் போனது.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து அவர் மனைவி கைப்பிள்ளையோடு வந்தார்.

“தம்பி, அவர்ட விரல் இருக்கிற சிலை ஒண்டு தாங்கோ. படம் இருக்கு. பிள்ளைக்குத் தொட்டுக் காட்ட ஒண்டும் இல்லை.”

அலுமாரியில் ஒன்பது சிலைகள் இருந்தன. ஒன்பதையும் அராவியவன் நான்தான்.

“வியாழக்கிழமை வாங்கோ, அக்கா,” என்றேன்.

புது மெழுகுச் சிலையொன்றின் பீடத்துக்குச் சூடு காட்டி, என் பெருவிரலை அழுத்தினேன். தழும்புக்காக ஊசியால் ஒரு கோடு கீறவேண்டும். தழும்பு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது? அத்தனை முறை அராவியும் நினைவில் இல்லை. இடப்பக்கம் சாய்த்துக் கீறி, வெண்கலத்தில் வார்க்கக் கொடுத்தேன்.

வியாழனன்று அக்கா வந்து தன் விரலை அதில் வைத்தார்.

“இவ்வளவு சின்னதா?”

“வார்த்தா வெண்கலம் சுருங்கும், அக்கா.”

“ஓம். அவரும் சொல்லுவார்.”

சிலையைப் பிள்ளையின் துவாய்த் துண்டில் சுற்றிக்கொண்டு போனார். வெண்கலம் சுருங்குவது உண்மைதான். அவ்வளவு சுருங்காது.

அந்த மாதமே பட்டறையை விட்டேன். இப்போது வெள்ளவத்தையில் ஒரு கடையில் ரொட்டிக்கு மா குழைக்கிறேன். மாவில் விரல் பதிந்தால் உடனே தடவிவிடுகிறேன். பாமன்கடை நடக்கிற தூரம்தான்; அந்தப் பக்கம் போவதில்லை. அங்கே ஒரு பிள்ளை என் விரலைத் தொட்டு அப்பா என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கும்.