சுவரில் வெள்ளை, மேசையில் கறுப்பு

கருங்கல் சந்தையைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போனால் வருகிற சின்னக் கிறிஸ்தவ சபை அது. அங்கே ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஜெயசிங் தன்னைத்தான் சொல்வார். சபையாரைக் கேட்டால் அவர் மனைவி லீலாபாயைச் சொல்வார்கள். இரண்டுமே சரிதான். பாட்டின் வரிகளைப் புரொஜெக்டர் வைத்துச் சுவரில் காட்டுகிறவர் அவர். அந்த வரிகளைப் பாடி மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போகிறவள் அவள்.

ஜெயசிங் தக்கலை பஸ்களில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் பையைத்தான் திருப்பிக் கொடுத்தாரே தவிர அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. வளைகுடாவில் வேலை பார்க்கும் சபைப் பிள்ளைகள் புரொஜெக்டரும் லேப்டாப்பும் வாங்கிக் கொடுத்தபோது, "யாரு பாத்துக்கிடுவா?" என்று போதகர் கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிட்டார். ஒற்றை விரலால் தட்டித் தட்டி அத்தனை பாட்டுகளையும் அவரே ஏற்றினார். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. அவ்வளவுதான். மற்ற சபைகளில் வரிகளுக்குப் பின்னால் அருவியும் புறாவும் சூரிய உதயமும் போடுகிறார்கள் என்று யாராவது சொன்னால், "பாட்டு படிக்க வந்தியா, அருவி பாக்க வந்தியா? அருவி பாக்கணும்னா திற்பரப்புக்குப் போ" என்பார். ஒரு சரணம் முடிந்ததும் இரட்டை விசில் கொடுக்கிற மாதிரி பட்டென்று அடுத்த சரணத்துக்கு மாற்றிவிடுவார். பின்தங்கியவன் பின்தங்கியவன்தான்.

ஆலயத்துக்குள் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். வலப்பக்கத்தின் கடைசியில் ஜெயசிங்கின் மேசை. பஸ்ஸில் லேடீஸ் சீட்டில் உட்கார்ந்த ஆம்பிளைகளை எழுப்பி எழுப்பியே வயதானவர், இங்கேயும் விடுவதில்லை. புதிதாகக் கல்யாணம் முடிந்த ஜோடி ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் பின்னாலிருந்து கனைப்பார். அவரும் லீலாபாயும்கூட, தாலி கட்டின அன்றைக்குப் பக்கத்தில் பக்கத்தில் நின்றதோடு சரி. அதன் பிறகு கோயிலுக்குள் அவளுடைய தலையின் பின்பக்கத்தைத்தான் அவர் பார்த்திருக்கிறார். வாசலில் 'ஆலயத்துக்குள் கைப்பேசி எடுக்கக் கூடாது' என்று எழுதித் தொங்கவிட்டதும் அவர்தான்.

லீலாபாய் மூன்றாவது பெஞ்சு. அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துப் பழகிய குரல். கீபோர்டு வாசிக்கும் பெபிஷா எந்தச் சுருதியில் தொடங்கினாலும், இரண்டு வரிக்குள் அது லீலாபாயின் சுருதிக்கு வந்து சேர்ந்துவிடும். வீட்டில் யாரிடமும் சொல்லமாட்டாரே தவிர, அந்தக் குரலுக்காகத்தான் ஜெயசிங் ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தக் குரல் இந்த வருஷம் பாதியில் நிற்கத் தொடங்கியது. முதல் சரணம் மனப்பாடம் என்பதால் கணீரென்று வரும். இரண்டாவதில் தேயும். மூன்றாவதில் இருக்காது. அவள் இல்லாத இடத்தில் சபையும் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விடும். தொண்டைதான் கெட்டுவிட்டது என்று ஜெயசிங் முடிவு கட்டினார். நல்லமிளகும் சுக்கும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்து, தினமும் எதிரே நின்று குடிக்க வைத்தார். லீலாபாய் முகத்தைச் சுளித்துக்கொண்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். தொண்டையில் ஒன்றும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்தக் கஷாயக் காலத்தில்தான் போன் விவகாரமும் வந்தது. மஸ்கட்டிலிருந்து மகள் பிரீனா கூப்பிட்டபோது லீலாபாய் தோட்டத்தில் நின்றாள். ஜெயசிங் போனை எடுத்துப் பேசி முடித்துவிட்டுப் பார்த்தால், திரை முழுக்கக் கறுப்பு. எழுத்தெல்லாம் வெள்ளை.

"ஏட்டி, ஒனக்க போன் கெட்டுப் போச்சு!"

"அது கெடக்கட்டும், நீங்க வைங்க" என்றாள் அவள்.

அவர் வைப்பாரா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அங்கே அமுக்கி இங்கே அமுக்கி, ஒருவழியாக வெள்ளைக்குக் கொண்டுவந்துவிட்டார். பெரிய உபகாரம் செய்த திருப்தி. மறுநாள் பார்த்தால் மறுபடியும் கறுப்பு. மறுபடியும் சரிசெய்தார். மறுபடியும் கறுப்பு. சில நாள் அவர் சரிசெய்த கொஞ்ச நேரத்திலேயே கறுத்துவிடும். போனுக்கு ஏதோ தீராத வியாதி பிடித்துவிட்டது என்று நினைத்து, அவளுக்குத் தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கருங்கல்லுக்குப் பஸ் ஏறினார்.

போன் கடை ஷிஜின் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மாமா, இது கேடு இல்ல. டார்க் மோடு. சின்னப் பிள்ளையளுக்கு இதான் ஸ்டைலு. சார்ஜ் நிக்கும்னு வைக்கவங்க உண்டு. ராத்திரி பக்கத்தில கெடக்கவங்க முழிக்கப்பிடாதுன்னு வைக்கவங்க உண்டு."

"அதெல்லாம் செரி மக்கா. மாத்த மாத்தத் திரும்பி வருதே?"

"தன்னால வராது மாமா. ஆராவது வச்சாத்தான் வரும்." ஷிஜின் சிரிப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். "வீட்ல ஆருக்காவது கண்ணு கூசுதா? எனக்க அம்மைக்குப் புரை விழுந்த சமயத்தில இப்படித்தான் வச்சுக் குடுத்தேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜெயசிங்குக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. மூன்றாவது சரணத்தின் மௌனம் இப்போது புரிந்தது. கண்ணுக்கு வந்த கேட்டுக்குத் தொண்டைக்குக் கஷாயம் கொடுத்திருக்கிறோம், அவளும் குடித்திருக்கிறாள் என்று நினைக்க நினைக்க அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, அவள்மேல் கோபமாகவும் வந்தது.

லீலாபாய் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் போனை அவள் முன்னால் வைத்தார். அவள் போனைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், கத்தியைக் கீழே வைத்தாள்.

"வெள்ளையப் பாத்தா நேரா வெயிலப் பாக்க மாதிரி இருக்கு. எழுத்து அதுக்குள்ள கரைஞ்சு போவுது. கறுப்பில வெள்ளை எழுத்துன்னா கொஞ்சம் தெளிவாத் தெரியுது."

"எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

"ஒத்த வெரல வச்சு நீங்க அடிச்சுக் கூட்டின பாட்டு. ஊருக்கெல்லாம் தெரியுது, பெஞ்சாதிக்குத் தெரியலன்னா நல்லாவா இருக்கும்?"

வரும்போது பஸ்ஸில் சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஜெயசிங் கத்தியை எடுத்து, மிச்சமிருந்த மரச்சீனியைத் தாறுமாறாக நறுக்கிக் கொடுத்தார்.

நாகர்கோவிலில் கண் டாக்டர் பார்த்துவிட்டுப் புரைதான் என்றார். ஆனால் சர்க்கரை கூடுதல், அது இறங்கின பிறகுதான் ஆபரேஷன், சில மாதம் ஆகும். அதுவரைக்கும் அவள் குரலை விட்டுவிட முடியுமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் கேட்காமல், சுவரைக் கறுப்பாக்கிவிட்டார் ஜெயசிங்.

முதல் பாட்டு வந்ததும் ஆலயத்தில் சலசலப்பு. பிரசங்க பீடத்தில் கறுப்புத் துணி போடுவதே வருஷத்தில் ஒரு நாள், இயேசு சிலுவையில் மரித்த நாளில்தான். கமிட்டிச் செயலாளர் செல்வதாஸ், ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், வலப்பக்கத்து முதல் பெஞ்சிலிருந்து திரும்பிப் பார்த்து, "ஓய் ஜெயசிங்கு, இன்னைக்கு என்ன பெரிய வெள்ளிக்கிழமையா?" என்றார்.

"பல்பு சூடாவுது சார். கறுப்பு வச்சா ஆயுசு கூடும்" என்றார் ஜெயசிங். கோயிலுக்குள் வைத்துச் சொன்ன பொய்.

ஆனால் லீலாபாய் பாடினாள். இரண்டாவது சரணம் பாடினாள். மூன்றாவதையும் பாடினாள். அவள் பின்னால் சபை முழுக்க ஒரே குரலாக எழுந்து வந்தது. எத்தனை மாதமாயிற்று இதைக் கேட்டு! ஜெயசிங் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டார். நாலாவது சரணத்துக்கு மாற்ற மறந்து, பெபிஷா கீபோர்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

ஆராதனை முடிந்து அறிவிப்பு நேரத்தில் செல்வதாஸ் எழுந்தார். அவரும் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. அவர் கண்ணின் கோளாறு வேறு மாதிரி. "கறுப்பில வெள்ளை எழுத்தப் பாத்தா, ஒவ்வொரு எழுத்துக்கும் மீசை மொளைக்குது. எனக்கு ஒரு வரி வாசிக்க முடியல. பல்புதான் பிரச்சினைன்னா, புதுப் பல்பு நான் வாங்கித் தாறேன்."

பொய்க்குக் கை கால் முளைத்துவிட்டால் என்ன செய்வது? உண்மையைச் சொன்னால் லீலாபாயின் கண் ஊர்ப்பேச்சாகிவிடும். சொல்லாவிட்டால் அவள் குரல் போய்விடும். ஜெயசிங் இடப்பக்கத்து மூன்றாவது பெஞ்சைப் பார்த்தார். வாழ்க்கையில் எந்தப் பயணியிடமும் தோற்காத மனிதர், தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "செரி சார். அடுத்த வாரம் வெள்ளையே போடுதேன்."

அப்போது லீலாபாய் எழுந்தாள்.

"பல்பு ஒண்ணும் சூடாவல. எனக்குக் கண்ணில புரை. வெள்ளை கூசுதுன்னு எனக்கு வேண்டித்தான் அவுக கறுப்பாக்கினது."

செல்வதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் வாயத் திறந்திருப்பேனா?" என்றார். பிறகு அதைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "எனக்குக் கறுப்பு ஆவாது, லீலாபாய்க்கு வெள்ளை ஆவாது. சுவரு ஒண்ணுதானே இருக்கு?" என்றும் சொன்னார்.

லீலாபாய் போனில் பார்த்துப் பாடட்டுமே என்று பெபிஷா சொன்னாள். எல்லோருடைய தலையும் வாசலில் தொங்கிய பலகையின் பக்கம் திரும்பியது. பிறகு அதை எழுதியவர் பக்கம் திரும்பியது. பெண்கள் பக்கத்தில் சிரிப்பு கிளம்பிவிட்டது.

"லேப்டாப்பு போன் இல்லல்லா" என்றார் ஜெயசிங் அவசரமாக. "சுவரில வெள்ளை போவட்டும். எனக்க மேசையில உள்ளதக் கறுப்பா வைக்கலாம். ஷிஜின்கிட்ட கேட்டா செய்து தருவான். அவ அதப் பாத்துப் படிக்கட்டும்."

"ஒமக்க மேசை ஆம்பிளையளுக்க பக்கத்திலல்லா கெடக்குது?" என்று யாரோ பெண்கள் பக்கத்திலிருந்து கேட்டார்கள். கேட்டவளுக்கும் ஒரு காலத்தில் அந்தக் கனைப்பு கிடைத்திருக்க வேண்டும்.

போதகர்தான் ஜெயசிங்கைக் காப்பாற்றினார். "மேசையில ஆம்பிளை மேசை, பொம்பளை மேசைன்னு உண்டா? ஒரு நாற்காலி எடுத்துப் போடுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லீலாபாய் நல்ல புடவை கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி ஆண்கள் பக்கத்து நடையில் வந்தாள். ஜெயசிங் எழுந்து நாற்காலியைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த நாற்காலிதான். சுவரில் வெள்ளை விழுந்தது. மேசையில் கறுப்பு விரிந்தது. அவள் லேப்டாப்பின் பக்கமாகக் குனிந்து பாடத் தொடங்கினாள்.

இத்தனை வருஷமும் முன்னாலிருந்து கேட்ட குரல் இப்போது காதோரத்தில் கேட்டது. மூச்சு எடுக்கிற இடம்கூடத் தெரிந்தது. சபையார் குரல் எங்கிருந்து வருகிறதென்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு அதன் பின்னாலேயே வந்தார்கள். அவர் சரணம் மாற்றுவதில் அவசரப்பட்டால் லீலாபாய் முழங்கையால் இடித்தாள். அவரும் நின்று, பின்தங்கியவர்களையும் ஏற்றிக்கொண்டு போகப் பழகினார். கனைப்பும் நின்றுவிட்டது. கனைக்க அவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

சர்க்கரையை இறக்குகிற வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். மரச்சீனியும் பழமும் வீட்டுக்குள் வராமல், செக்கிங் இன்ஸ்பெக்டரைப் போல வாசலிலேயே பிடித்தார். இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கடைசியாகக் காட்டப் போன அன்று அட்டையில் பொடி எழுத்துவரை கடகடவென்று வாசித்தாள் லீலாபாய். "இனி ஒரு குறையும் இல்ல, எந்த வெளிச்சத்திலயும் பாக்கலாம்" என்றார் டாக்டர். ஜெயசிங் பக்கத்தில் நின்று கேட்டார். சந்தோஷம்தான். ஆனாலும் வீட்டுக்கு வருகிறவரைக்கும் மேசைப் பக்கத்து இரண்டாவது நாற்காலியையே நினைத்துக்கொண்டு வந்தார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னதாகவே போய்ச் சுவரில் வெள்ளையை விட்டு, லேப்டாப்பையும் வெள்ளைக்கு மாற்றினார். இரண்டாவது நாற்காலியைத் தூக்கிச் சுவரோரமாக வைத்தார். லீலாபாய் வந்தாள். இடப்பக்கத்து மூன்றாவது பெஞ்சில் பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நேரே பின்னால் வந்தாள். சுவரோரம் இருந்த நாற்காலியைத் தானே தூக்கி வந்து, பழைய இடத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"கண்ணு இன்னும் கொஞ்சம் கூசுது" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"கூசும், கூசும்" என்றார் ஜெயசிங். லேப்டாப்பைக் கறுப்புக்கு மாற்றி, அவள் பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வைத்தார்.