ஆடியில் வாங்காத வீடு

வீட்டுப் பத்திர வேலையில் எழுதுவது கால்வாசி, மிச்சமெல்லாம் விளங்கப்படுத்துவது. இதே தொழிலில் மாரடிக்கிறவர்களுக்கு நான் சொல்லவா வேணும்!

அரை மணித்தியாலப் பாடம்

எனக்கு நியூசிலாந்தின் பாபகூராவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. தமிழ்நாட்டுக்காரர் முருகேசனும் மனைவி கலாவும் வந்தார்கள். அவர்கள் வாங்க இருந்தது ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு வீடு. பார்த்த அன்றே கலா சமையலறை ஜன்னலை அளந்துவிட்டார். மோர்ட்கேஜ் கடன் கிடைக்க மூன்று மாதமாகும். அதனால் கால் ஆப்ஷன், புட் ஆப்ஷன் இரண்டும் போட்ட ஒப்பந்தம்.

"குறிச்ச நாளுக்குள்ள நீங்கள் வீட்டைக் கேட்டு எழுதித் தந்தால், பேசின விலைக்கு வீட்டுக்காரர் வித்தே ஆகவேணும். அது கால். நீங்கள் கேக்காமல் விட்டால், அடுத்த ஒரு கிழமை, ஏழு நாளுக்குள்ள அவர் 'வாங்கு' எண்டு எழுதலாம். நீங்கள் வாங்கியே ஆகவேணும். அது புட்" என்றேன். எல்லாம் கேட்டுவிட்டுக் கலா சொன்னார்: "வேண்டாம்னு சொல்ற ஆப்ஷன் நமக்கு எதுலயுமே இல்லையாக்கா?"

கடைசி வெள்ளி

கடன் கிடைத்துவிட்டது. வீட்டைக் கேட்கிற கடிதம் திங்கட்கிழமையே தயார், கையெழுத்துத்தான் பாக்கி. வெள்ளி ஐந்து மணிக்குக் கெடு. மூன்று மணியாகியும் ஆளைக் காணவில்லை. முருகேசனுக்கு ஃபோன் போட்டேன்.

"ஆடி மாசம்க்கா. இப்ப வீடு கேட்டு எழுதினேன்னா எங்கம்மா ஊர்ல சாப்பிட மாட்டாங்க."

ஐயோ கடவுளே! "ஐஞ்சு மணி தாண்டினால் உங்களுக்கு உரிமை இல்லை. அவர் வேற ஆளுக்கும் விக்கலாம்" என்று கத்தினேன். பின்னால் கலா அழுவது கேட்டது. மனுசன் அசையவில்லை: "ஆவணி ஒண்ணாந்தேதி காலைல ஆறு மணிக்கே வந்து நிக்கிறேன்க்கா!"

திரைச்சீலை

திங்கட்கிழமை கலா தனியாக வந்தார். மூன்று மாதமாகத் தைத்த சமையலறைத் திரைச்சீலையை என் மேசையில் வைத்தார், மஞ்சள் பூப் போட்டது. வெளியே போகும்போது கேட்டார்: "உங்க வீட்டு ஜன்னலுக்காவது சரியா இருக்குமாக்கா?"

வியாழன் காலை

விற்கிறவர் ஓய்வுபெற்ற லாரி டிரைவர், மகளோடு போய் இருக்கத் துடித்துக்கொண்டிருந்தார். அவருடைய வழக்கறிஞரிடமிருந்து மின்னஞ்சல்: இன்னொரு தடவை ஊராருக்கு வீட்டைத் திறந்து காட்ட அவருக்குத் தெம்பில்லையாம், புட் ஆப்ஷனைப் பயன்படுத்தி 'வாங்கு' என்கிறாராம். பணம் கட்டிச் சாவி வாங்குவது ஆவணியில். ஆனால் அறிவித்தல் வந்தது சுத்த ஆடியில்! பயந்துகொண்டே முருகேசனுக்குச் சொன்னேன்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "நாம கேக்கலையேக்கா, அவராத்தானே குடுக்குறாரு! அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." அதற்குள் ஃபோனைப் பிடுங்கிய கலா: "அக்கா, அந்தத் திரைச்சீலைய இன்னும் மாட்டலையே?"

இப்போதெல்லாம் புட் ஆப்ஷனை விளங்கப்படுத்த எனக்கு அரை மணித்தியாலம் தேவைப்படுவதில்லை. ஆடியில் வாங்காமலே வீடு வாங்குகிற வழி என்றால் நம்மவர்கள் உடனே பேனாவை எடுக்கிறார்கள்.