வேனுக்குத் தைத்த சட்டை

போன சனிக்கிழமை என் மகள் கொழும்பில் ஓர் இசை நிகழ்ச்சிக்குப் போனாள். வயது பத்தொன்பது. கூடப் போகிறவர்கள் யார், எந்த பஸ், எத்தனை மணிக்குத் திரும்புவது என்று நான் கேட்ட கேள்விகளுக்கு ஒரு படிவமே அச்சடித்துவிடலாம் என்றாள். அங்கே போனதும் அந்த பேண்டின் பாடகரோடு நின்று எடுத்த படத்தை அனுப்பி, கீழே நீளமாக ஏதோ எழுதியிருந்தாள். மறுநாள் வந்து, "அவ்வளவு எழுதினேன். நீங்க 'சரி'ன்னு ஒத்தச் சொல்லு போட்டீங்க" என்று குறைப்பட்டாள். உண்மைதான். 'வந்து சேர்ந்துட்டோம்' என்ற முதல் வரியை மூன்று தடவை படித்தேன். அதற்குக் கீழே படித்ததாக நினைவில்லை.

"உங்களுக்கு இதெல்லாம் எங்கம்மா விளங்கப் போகுது" என்றாள்.

அவளுக்குத் தெரியாது. அவளைவிடச் சின்ன வயதில் ஒரு முழு பேண்டுக்கே நேரம் மாற்றிக் கொடுத்தவள் நான். வெகுகாலம் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

எனக்கு அப்போது பத்து வயது. மாத்தளையில் பெரிய வீதியில் அப்பாவுக்குத் தையல் கடை. முன்னால் கடை, நடுவில் ஒரு திரைச்சீலை, பின்னால் நாங்கள். அப்பா வெட்டித் தைப்பார். அம்மா காஜா எடுப்பார். பொத்தான் தைப்பது என் வேலை. என்னைவிட நான்கு வயது மூத்த அண்ணனுக்கு என்னைக் கேலி செய்வதே வேலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ரேடியோவில் 'நீல வண்டுகள்' பாடுவார்கள். நாலு பேர். அவர்களிடம் ஒரு ரயில் பாட்டு இருந்தது. நடுவில் பாடகர் வாயாலேயே ஊதி, புகை விட்டு, சுரங்கத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வருவார். ரயில் பாதை மாத்தளையோடு முடிந்துவிடுகிறது. ஆகவே அந்த ரயில் எங்கள் ஊருக்குத்தான் வருகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. பாடகரின் முகம் தெரியாததால் குரலை வைத்து நானே ஒரு முகம் தைத்து வைத்திருந்தேன். நல்ல உயரம், தோள் வரை முடி, பெல்பொட்டம்.

அவர்கள் எங்கள் ஊருக்கு வருவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். நகர மண்டபம், இரவு எட்டு மணி. அப்பா அதைப் படித்துவிட்டு, "ராத்திரியில பொம்பளப் புள்ளைக்கு என்ன கூத்து" என்றார். அப்பா ஒரு தடவை வெட்டினால் வெட்டியதுதான். அந்த வருஷம் மாலை விளக்கு வைத்தபின் வீதியில் யாரும் நிற்பதில்லை. தமிழ்க் கடைகளை எல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே சாத்தினார்கள். அதெல்லாம் பெரியவர்களுக்கு வந்துவிட்ட சோம்பல் என்று நினைத்திருந்தேன்.

அன்றே நீல வண்டுகளுக்குக் கடிதம் எழுதினேன். 'மதிப்புக்குரிய வண்டுகளே, இரவில் என்னை விடமாட்டார்கள். தயவுசெய்து பகலில் பாடவும். ரயில் பாட்டை மறக்க வேண்டாம்.' உறையின் மேல் 'நீல வண்டுகள், கொழும்பு' என்று மட்டும் எழுதினேன். அவ்வளவு பெரிய ஆட்களுக்கு வீதிப் பெயர் எதற்கு? அனுப்புநர் முகவரியை மட்டும் ஒரு புள்ளி விடாமல் எழுதினேன். தபாலில் போட்டுவிட்டு வந்து அண்ணனிடம் சொல்லித் தொலைத்தேன். அவன் தரையில் உருண்டு சிரித்தான்.

இரண்டு வாரம் கழித்து, பழைய நோட்டீஸின் மேல் புதியது ஒட்டினார்கள். பிற்பகல் மூன்று மணி.

சாப்பிடும்போது அப்பா, "மூணு மணிக்கு மாத்திட்டாங்களாம். வெளிச்சத்தோட முடிச்சிரணும்னு சொல்லித்தான் பொலிஸ்ல அனுமதி குடுத்திருக்காங்க" என்றார். "நல்லதுதான்" என்றார் அம்மா. அண்ணன் என்னைப் பார்த்தான். வெற்றி பெற்றவர்கள் அதிகம் பேசக்கூடாது என்று சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். பகல் நிகழ்ச்சி என்பதால் எங்கள் எல்லோருக்கும் டிக்கெட் எடுக்க அப்பா ஒப்புக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, எங்கள் கடைக்கு முன்னால் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. அதன் பக்கத்தில் பசை தடவிச் செய்தித்தாள்கள் ஒட்டியிருந்தார்கள். வழியில் பெய்த மழையில் பாதி உரிந்து தொங்க, அடியில் பெரிய தமிழ் எழுத்தில் 'வண்டு' என்பது மட்டும் தெரிந்தது. என் கையிலிருந்த பொத்தான்கள் எல்லாம் தரையில் உருண்டன.

முதலில் இறங்கியவர் நல்ல உயரம். தோள் வரை முடி. பெல்பொட்டம். நான் எழுந்து நின்றே விட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "நங்கி, தாத்தா இன்னவாத?" என்று சிங்களத்தில், அப்பா இருக்கிறாரா என்று கேட்டார். தமிழில் இவ்வளவு அழகாகப் பாடுகிறவர் பேசுவதற்குச் சிங்களம் வைத்திருக்கிறாரே என்று வியந்தேன்.

அவருக்குப் பின்னால், வழுக்கைத் தலையும் தொந்தியுமாக ஒரு குட்டை மனிதர், செய்தித்தாளால் பின்புறத்தை மறைத்தபடி பக்கவாட்டில் நடந்து வந்தார்.

"பலகடுவ ஏத்தத்துல வேனைத் தள்ளினேன், அண்ணே" என்றார் அப்பாவிடம். "வேன் ஏறிருச்சு. காற்சட்டை போயிருச்சு. மூணு மணிக்கு மேடையில நிக்கணும்."

அப்பா அவரைத் திருப்பிப் பார்த்தார். "இது கிழிசல் இல்ல, தம்பி. துணி உங்களை விட்டுப் போகப் பார்க்குது. பட்டி வச்சுத்தான் தைக்கணும்."

அப்பாவின் சாரம் ஒன்றைக் கொடுத்து அவரைத் திரைக்குப் பின்னால் அனுப்பினார்கள். நான் அளவுக் கொப்பியோடு திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். கண் மட்டும் அந்த உயரமானவரிடமே இருந்தது.

"இடுப்பு நாப்பது" என்றார் உள்ளேயிருந்து அப்பா.

"முப்பத்தாறுன்னு எழுதும்மா" என்றது இன்னொரு குரல். "கொழும்புல தெரிஞ்சா மானம் போயிரும்."

அப்பா காற்சட்டையோடு வெளியே வந்து மெஷினில் உட்கார்ந்தார். மெஷின் ஓட, அந்தத் தாளத்துக்கு ஏற்றபடி திரைக்குப் பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பிறகு மெல்ல ஓர் ஊதல். பிறகு புகை.

எங்கள் ரேடியோவின் முன்பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு துணி இருக்கும். இத்தனை வருஷமும் அந்தத் துணிக்குப் பின்னாலிருந்து வந்த குரல், இப்போது எங்கள் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வந்தது. நான் திரையை விலக்கினேன். அப்பாவின் கட்டம்போட்ட சாரத்தைக் கட்டிக்கொண்டு, அம்மா கொடுத்த பிளேன்டீயை ஊதி ஊதி நின்றார் என் பாடகர். உயரமானவர் ட்ரம் அடிப்பவராம்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

"இவ உங்களுக்குக் கடிதம் போட்டா. நிகழ்ச்சியைப் பகல்ல வைக்கச் சொல்லி. இவ சொல்லித்தான் மாத்தினீங்களாம்."

மெஷின் நின்றது. பாடகர் அப்பாவைப் பார்த்தார். அப்பா குனிந்து, அறுந்துபோகாத நூலை ஊசியில் கோத்தார். கடிதம் முகவரி போதாமல் அதற்கு முன்பே திரும்பி வந்து, அவருடைய மேசை லாச்சிக்குள் கிடந்ததை நான் கல்யாணமான பிறகுதான் கண்டெடுத்தேன்.

"நீங்கதானா அது?" என்றார் பாடகர். "வேற யாராவது உங்க பேரைச் சொல்லிக்கிட்டு வந்துட்டா வம்பு. என்ன எழுதியிருந்தீங்க, சொல்லுங்க பார்ப்போம்."

நான் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். அவர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"அதேதான். ரயில் பாட்டை மறக்க வேண்டாம்னு கடைசி வரி. அதைப் படிச்சிட்டு எப்பிடி மாத்தாம இருக்கிறது?"

அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துக்காகவே இன்னொரு கடிதம் எழுதலாம் போலிருந்தது.

அதன்பின் ட்ரம்காரர் அப்பாவிடம் தாழ்ந்த குரலில் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அப்பா அளவு நாடாவோடு வெளியே போய் வேனை அளந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக வேனுக்கு அளவெடுக்கிறார். காக்கித் துணியில் ஆறு யார் நீளம் வெட்டினார். "எதுக்குப்பா?" என்றேன். "திரும்பிப் போற பாதையில தூசி" என்றார். அவர்கள் மழையில் நனைந்தல்லவா வந்திருந்தார்கள்! ஆனாலும் நீல வண்டுகளின் வேனுக்குச் சட்டை தைக்கும் பாக்கியம் எங்களுக்கு வந்திருக்கும்போது காரணம் கேட்பானேன்? ஓரங்களில் நாடா தைக்கும் வேலையை நான் கெஞ்சி வாங்கிக்கொண்டேன். அம்மா நான்கு தைத்தார். நான் நான்கு தைத்தேன்.

தைத்து முடித்து விரித்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு குறை தெரிந்தது. இதைக் கட்டினால் உள்ளே இருக்கும் பெயர் மறைந்துபோகுமே. கொழும்பு வரை போகிற பாதையில் இவர்கள் யாரென்று ஒருத்தருக்கும் தெரியாதே. பெரியவர்கள் இதை யோசிக்கவே இல்லை. எல்லோரும் பின்னால் சாப்பிடப் போன நேரம், அப்பாவின் நீலச் சோக்கை எடுத்து, துணியின் மேல் முழங்கை நீள எழுத்துகளில் 'நீல வண்டுகள்' என்று எழுதினேன். பக்கத்தில் ஆறு காலோடு ஒரு வண்டும் போட்டேன்.

முதலில் வந்தவர் அம்மா. "அடிப்பாவி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அப்பா ஓடிவந்து பிரஷ்ஷைத் தேடினார். எழுத்துப் பிழை ஏதும் விட்டுவிட்டேனோ என்று மறுபடி வாசித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணே, அழிக்காதீங்க" என்றார் பாடகர்.

சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் துணியை எடுத்துத் திருப்பினார். எழுத்து உள்ளே போனது. வெளியே வெறும் காக்கி.

"நாடாவை இப்பிடிக் கட்டினா வேனுக்கு மட்டும் தெரியும்" என்றார் என்னிடம். "அதுக்குத்தான் பாதி வழியில தான் யாருங்கிறது மறந்துபோகுது. வாசிச்சுக்கிட்டே வரட்டும்."

எனக்கு அது முழுச் சமாதானமாக இல்லை. ஆனால் மழை பெய்தால் சோக் எழுத்து அழிந்துபோகும் என்று அவர் யோசித்திருக்கிறார், கெட்டிக்காரர்தான், என்று முடிவு செய்தேன்.

மூன்று மணிக்கு மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தோம். ஜன்னல்களின் வழியே வெயில் மேடையில் விழுந்தது. "இந்த நிகழ்ச்சிக்கு நேரம் குறிச்சது இந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தி" என்று பாடகர் சொன்னார். ஊரே கை தட்டியது. அண்ணனும் தட்டினான். ரயில் பாட்டில் சுரங்கத்துக்குள் நுழைவதற்காக அவர் குனிந்தபோது, எல்லோரும் அவருடைய வாயைப் பார்க்க, அப்பாவும் அம்மாவும் நானும் மட்டும் அவருடைய காற்சட்டையின் பின்தையலைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். தையல் தாங்கியது. ரயில் வெளியே வந்து, பெரிய ஊதலோடு மாத்தளையில் நின்றது. அன்று நான் சிரித்த அளவுக்குப் பிறகு எப்போதாவது சிரித்தேனா தெரியவில்லை.

ஐந்து மணிக்கெல்லாம் புறப்பட்டுவிட்டார்கள். அம்மா போட்டு வைத்த தேநீருக்குக்கூட நிற்கவில்லை. அப்பாவே நாடாக்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக் கட்டினார். ட்ரம்காரர் வண்டி ஓட்ட உட்கார்ந்தார். பாடகர் முன் இருக்கையை விட்டுவிட்டுப் பின்னால், பெட்டிகளுக்கு நடுவே ஏறிக்கொண்டார். அவருக்கு எங்கே இடம் போதும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

"போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி போடுங்க, தம்பி" என்றார் அப்பா.

வேன் திருப்பத்தில் மறைந்த பிறகும் அவர் வீதியிலேயே நின்றார். அடுத்து வந்த நாட்களில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால், மெஷினை விட்டு எழுந்து வாசலுக்குப் போனார். அப்பாவும் நீல வண்டுகளின் ரசிகராகிவிட்டார் என்று அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன்.

எட்டாம் நாள் தபாலட்டை வந்தது. எட்டிப் பார்த்தேன். இரண்டே வரி. முதல் வரி, 'அண்ணே, நாங்கள் நாலு பேரும் சுகமாக வீடு வந்து சேர்ந்தோம்.' இரண்டாவது வரி, 'தங்கச்சி எழுதிய நீல எழுத்து வேனில் இடம் வலம் மாறிப் பதிந்திருக்கிறது, கழுவ மனம் வரவில்லை.'

அப்பா முதல் வரியைப் படித்தார். அம்மாவைக் கூப்பிட்டு அதையே சத்தமாகப் படித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் முதல் வரியையே படித்தார். எல்லோரும் போகிற இடத்துக்குப் போய்ச் சேருகிறார்கள், அதில் படிக்க என்ன இருக்கிறது? என்னைப் பற்றி எழுதிய இரண்டாவது வரிக்கு வர அவருக்கு ஏன் இவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நான் ஒற்றைக் காலில் நின்றேன்.