சீர்த் தட்டில் வந்த ராக்கெட்பாய்

பெரியநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டின் மேல் நான் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். கண்ணாடிக் கதவுக்குள் நின்று பேசும் விதத்தைப் பார்த்தே ஆள் எப்படி என்று சொல்லிவிடுவேன். மாமியாரிடம் பேசுகிறவன் சுவரைப் பார்த்து நிற்பான். முதலாளியிடம் பேசுகிறவன் ஒயரை முறுக்கிக்கொண்டே இருப்பான். சீனிவாசலு அண்ணன் மட்டும் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். எதிர்முனையில் பேசுகிறவருக்கு மரியாதையாம். மெட்ராஸில் இருக்கிற ஆளுக்கு உங்கள் செருப்பு எப்படித் தெரியும் என்று ஒருநாள் கேட்டேன். "அவிகளுக்குத் தெரியாதுங்க. நமக்குத் தெரியுமில்லீங்க?" என்றார்.

என் பூத்துக்கு இரண்டு கடை தள்ளி அவருடைய லேத் பட்டறை. பம்பு செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார். வீட்டில் பேசுவது தெலுங்கு. மரியாதை மட்டும் அசல் கொங்கு. பட்டறைக்குள் புகுந்த நாயைக்கூட "போங்க, போங்க" என்றுதான் விரட்டுவார். அதுவும் அந்த மரியாதையில் மயங்கி அங்கேயே படுத்துக்கொள்ளும். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. ஆகவே அவருக்குக் கோபமே வராது என்று ஊரே முடிவுகட்டி, அதற்கேற்றபடி அவரை நடத்தி வந்தது.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. புதிதாக எந்த மெஷினைக் கண்டாலும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்துவிடுவார். லேத்துக்கு வைப்பார், கிரைண்டருக்கு வைப்பார், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய மொபெட்டுக்கும் வைப்பார். நான் பூத் திறந்த அன்று தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"சாஜிதாம்மா, நீங்க தப்பா நெனைக்கலீன்னா மீட்டருக்கு ஒரு பொட்டு வெச்சுக்கட்டுங்களா?"

முஸ்லிம் வீட்டுப் பெண்ணிடம் கேட்கிறோமே என்று அவருக்குக் கூச்சம். நல்ல மனதோடு கேட்கிற மனிதரிடம் எப்படி மாட்டேன் என்பது? வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தலை மறைந்ததும் முந்தானையால் துடைத்துவிட்டேன். அந்த மீட்டர் கடைசிவரை ஒழுங்காக ஓடியது என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

தொண்ணூற்றாறாம் வருடம் ஆவணி மாதத்தில் அவருடைய தங்கை கனகத்தின் மகள் பூஜிதாவுக்கு அவிநாசியில் காதுகுத்து. ஏதேதோ காரணத்தால் தள்ளிப்போய், பெண்ணுக்கு ஒன்பது வயதாகிவிட்டது. கைக்குழந்தை என்றால் அழும், அதோடு முடிந்தது. ஒன்பது வயதுப் பெண் பேரம் பேசுவாள். டிவியில் இணைத்து விளையாடும் வீடியோ கேம் வாங்கித் தந்தால்தான் மாமன் மடியில் உட்காருவேன் என்றாள். அண்ணனுக்குப் பிள்ளைகள் கிடையாது. அவரிடம் செல்லம் கொஞ்சிக் கேட்க இருந்தது இந்த ஒரு ஜீவன்தான். வாக்குக் கொடுத்துவிட்டார்.

காந்திபுரத்தில் போய் 'ராக்கெட்பாய்' என்ற பெட்டியை வாங்கி வந்தார். விளம்பரத்தில் வெள்ளைக்காரச் சிறுவன் ஒருவன் அதைக் கட்டிக்கொண்டு சிரிப்பான். அண்ணன் அதைத் தாய்மாமன் சீர்த் தட்டில், வெற்றிலை பாக்குக்கும் பட்டுப் பாவாடைக்கும் நடுவில், பூச்சரம் சுற்றி வைத்து மேளதாளத்தோடு கொண்டுபோனார். பூஜிதா கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். இரண்டு காதிலும் ஊசி இறங்கியபோது பல்லைக் கடித்துக்கொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். விருந்து முடிந்து சொந்தபந்தமெல்லாம் சுற்றி நிற்க, பெட்டியை டிவியில் மாட்டினார்கள். புள்ளி புள்ளியாக ஏதோ வந்தது. உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. வேறெதுவும் வரவில்லை.

கனகத்தின் வீட்டுக்காரர் நஞ்சுண்டன் நூல் வியாபாரி. நாக்கில் தேன் தடவித்தான் குத்துவார். "மச்சானுங்க பொட்டி ரொம்ப ஜோரா இருக்குதுங்க. தட்டுல வெச்சுப் பாக்கறதுக்குத்தானுங்களே சீரு," என்றாராம்.

அன்று மாலையே அண்ணன் பெட்டியைத் துண்டில் மூடி ஊருக்கு எடுத்து வந்துவிட்டார். மறுநாள் காலை செருப்பைக் கழற்றிவிட்டு என் பூத்துக்குள் நுழைந்தார்.

"ஏனுங்க மேடம், நல்லாருக்கீங்களா? ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

எஸ்.டி.டி. மீட்டர் ஓட ஓட, மெட்ராஸில் ராக்கெட்பாய் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பெண்ணுடைய குடும்பத்தையே விசாரித்து முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். டிவியை அணைத்துப் போட்டீர்களா என்று அவள் கேட்டாளாம். போட்டனுங்க. கேம் கேசட்டைக் கழற்றி மறுபடி செருகினீர்களா? செருகுனனுங்க. உள்ளே தண்ணீர், தூசி, வேறு ஏதாவது போனதா? "சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் போகலீங்க." நீங்களாக எதையும் கழற்றவோ துடைக்கவோ கூடாது, கேரண்டி போய்விடும் என்று எச்சரித்துவிட்டு, அந்தப் பெண் கடைசியாகக் கேட்டாளாம்:

"ரெண்டு நாள் பாருங்க சார். இப்போதைக்குப் பரவாயில்லையா?"

"பரவாயில்லீங்க."

இரண்டு நாள் கழித்து அழைத்தபோது புகார் தீர்ந்துவிட்டது என்றார்கள். வாடிக்கையாளரே பரவாயில்லை என்று சொன்னதாகப் பதிவாகியிருக்கிறதாம். புதிதாக ஒரு புகார் எண் கொடுத்தார்கள். அந்தப் பேச்சும் அதே கேள்வியில் வந்து நின்றது. நான் கண்ணாடிக்கு வெளியே இருந்து இல்லை, இல்லை என்று தலையையும் கையையும் ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே, "பரவாயில்லீங்க" என்றார். புகார் தீர்ந்தது.

"ஏனுங்ணா, வாயத் தொறந்து இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னங்ணா?" என்று கத்தினேன்.

"ஒரு பொம்பளப் புள்ள அத்தன தன்மையாக் கேக்குதுங்க. மூஞ்சில அடிச்சாப்புல எப்படீங்க சொல்றது?"

இந்தக் கம்பெனி ஒரு பழுதையும் நீக்காமல் எல்லாப் புகாரையும் தீர்த்து வந்த ரகசியம் எனக்கு அன்று விளங்கியது. எங்கள் பக்கத்து ஆட்களாகப் பார்த்து விற்றால் போதும்.

அடுத்த வாரம், டிவிக்குப் பக்கத்தில் நின்று பேசினால்தான் வழிகாட்ட முடியும் என்றாள் அந்தப் பெண். அவர் வீட்டில் போன் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? பட்டறையில் இரும்பு ஏற்றும் தள்ளுவண்டியில் தன் வீட்டு டிவியை ஏற்றிக்கொண்டு என் பூத் வாசலுக்கு வந்துவிட்டார். என் ஃபேன் ஒயரைப் பிடுங்கி டிவிக்குக் கொடுத்தோம். கிரிக்கெட் மேட்ச் என்று நினைத்து ரோட்டில் போன கூட்டமெல்லாம் நின்றது. மேட்டுப்பாளையம் பஸ்ஸே ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனது. மெட்ராஸிலிருந்து அந்தப் பெண் சொல்லச் சொல்ல அண்ணன் ஒவ்வொரு பட்டனாக அமுக்கினார். புள்ளிதான் வந்தது. "யார்றா பேட்டிங்கு?" என்று ஒருவன் கேட்டான்.

இதெல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, கனகத்தின் போன் வரும்வரை. அவசரமென்றால் அவள் என் பூத்துக்குத்தான் கூப்பிடுவாள். ஆள் அனுப்பி அண்ணனை வரவழைத்தேன். பூஜிதா இரண்டு கம்மலையும் கழற்றி எறிந்துவிட்டாளாம். கேம் ஓடினால்தான் போடுவேன் என்கிறாளாம். புதிதாகக் குத்திய காது, விட்டால் தூர்ந்துபோகும். கனகம் வேப்பங்குச்சியைச் சீவி, பெண் தூங்கும்போது செருகிப் பார்த்திருக்கிறாள். ஆனால் அவள் எப்போதும் வலது பக்கம் ஒருக்களித்துத்தான் தூங்குவாள். இடது காதுக்குக் குச்சி போகிறது, வலது காது தலையணைக்குள் கிடக்கிறது. பிறகு பெண்ணே போனை வாங்கினாள் போலிருக்கிறது. அண்ணன் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக் கேட்டுவிட்டுக் கீழே வைத்தார்.

வெளியே வந்தவர் செருப்பைப் போட மறந்து படியில் உட்கார்ந்தார்.

"'மாமா, நீங்களும் அப்பா மாதிரியே சும்மாதான் சொல்றீங்க'ன்னு சொல்லிப்போட்டாளுங்க," என்றார்.

எனக்கு அந்தக் கம்பெனி மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. மறுநாளே அவரைக் கிராஸ்கட் ரோட்டில் இருந்த அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குத் துரத்தினேன். அங்கே டை கட்டிய ஓர் எஞ்சினியர் இருந்தார். பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, நாளை வா, அடுத்த வாரம் வா என்று அலையவிட்டு, ஒருவழியாகத் திறந்து பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். கேசட் செருகும் வாய்க்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்து அப்பியிருக்கிறது. வேறு என்ன, சந்தனம்தான். சீர்த் தட்டில் வைப்பதற்கு முன்னால் அண்ணன் மெஷினுக்கு எது நெற்றி என்று தேடியிருக்கிறார். மூடி போட்ட அந்த வாய்தான் நெற்றி மாதிரி தெரிந்திருக்கிறது. மூடியைத் தூக்கி, உள்ளே நன்றாக மூன்று விரல் சந்தனத்தைக் குழைத்து வைத்து மூடிவிட்டார்.

"உள்ளே எதுவும் போகலைன்னு மெட்ராஸ்ல சொல்லியிருக்கீங்களே?" என்றாராம் எஞ்சினியர்.

"சந்தனமுங்களே சார். அது 'எதுவும்'ங்கறதுல சேருமுங்களா?"

சேருமாம். அந்நியப் பொருள் புகுந்த காரணத்தால் கேரண்டி ரத்து என்று எழுதிவிட்டார். கொஞ்சம் துடைத்துப் பார்க்கலாமுங்களா என்று அண்ணன் கேட்டதற்கு, துடைக்கத் தங்களுக்கு அதிகாரம் இல்லை, போர்டை மாற்றத்தான் அதிகாரம், போர்டு சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும், அதுவரை பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்றார். அண்ணன் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

சிங்கப்பூர் போர்டு வரவில்லை. ஆயுத பூஜைதான் வந்தது. அது முடிந்த மறுநாள், போர்டு கிடைக்காது, பெட்டியை வந்து எடுத்துப் போங்கள் என்று என் பூத்துக்குத் தகவல் வந்தது. இந்தத் தடவை பூத்தைப் பூட்டிவிட்டு நானும் கூடப் போனேன். அவர் பரவாயில்லீங்க என்று வாயெடுத்தால் இடுப்பில் கிள்ளுவது என்று முடிவோடு போனேன்.

சர்வீஸ் சென்டர் வாசலில் வாழைக்கன்று. உள்ளே பொரியும் பூசணிக்காயும் வாடிப்போன சாமந்தியும். மேஜை, நாற்காலி, ஸ்க்ரூ டிரைவர், டெலிபோன், எல்லாவற்றுக்கும் பொட்டு. ரிப்பேருக்கு வந்த பெட்டிகளையும் விட்டுவைக்கவில்லை. அண்ணனுடைய ராக்கெட்பாய் மூன்றாவது அலமாரியில் இருந்தது. எஞ்சினியர் அதை எடுத்து மேஜைமேல் வைத்தார். மூடி திறந்திருந்தது. காய்ந்த பழைய சந்தனத்தின் மேலேயே, அதே வாய்க்குள், நேற்று வைத்த புதுச் சந்தனம் பளபளவென்று இருந்தது. நடுவில் குங்குமம் வேறு.

நான் எஞ்சினியரைப் பார்த்தேன். அவர் தன் டையைப் பார்த்தார். அண்ணனைக் கிள்ளுவதற்குக் கையைக் கொண்டுபோனேன். அதற்குள் அவர் ஒரு விரலை நீட்டி அந்தப் பொட்டைக் காட்டினார்.

"தொடை," என்றார்.

அவ்வளவுதான். அவர் வாயிலிருந்து 'ங்க' இல்லாமல் ஒரு வார்த்தை வந்ததை என் காலத்தில் அன்றுதான் கேட்டேன். எஞ்சினியர் அதிகாரம் இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் யோசிக்கவில்லை. பஞ்சை எடுத்தார், ஸ்பிரிட்டில் நனைத்தார், துடைத்தார். டிவியில் மாட்டிக் கேசட்டைச் செருகினார். டிங் டிங்கென்று பாட்டோடு ஒரு குட்டி ராக்கெட் திரையில் பறந்தது. வாசலில் ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. ஒரு குழந்தையின் காது தூர்ந்துபோகும் அளவுக்கு இழுத்தடித்த வேலை அது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தபின் அண்ணன் என்னை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே திரும்பிப் போனார். நாலு வார்த்தை நன்றாகக் கேட்கப் போகிறார் என்று ஆசையோடு எட்டிப் பார்த்தேன். "ஏதோ வாய் தவறிப்போச்சுங்க சார். மனசுல வெச்சுக்காதீங்க," என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே அவிநாசிக்குப் பெட்டி போனது. கேம் ஓடியது. பூஜிதாவும் பேசியபடி கம்மலை எடுத்து வந்தாள். இடது காதில் ஏறியது. வலது காதில் ஏறவில்லை. அது எப்போதோ தூர்ந்துவிட்டிருந்தது.

கார்த்திகையில் ஒற்றைக் காதுக்கு மறுபடி காதுகுத்து. எனக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள், ஒரு டப்பா ஜிலேபியோடு போனேன். "ஒரு காதுக்குப் பாதிச் சீரு போதுமுங்க மச்சான்," என்று தேன் தடவினார் நஞ்சுண்டன். அண்ணன் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. மடியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் காதருகே குனிந்து, "இந்தத் தடவ என்ன வேணும்னு சொல்லுங்க கண்ணு. மாமன் வாங்கித் தாரனுங்க," என்றார்.

ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பூஜிதா மாமன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் வேண்டாங்க மாமா. நீங்க வாங்குனா அப்பறம் போன் பண்ணிட்டே இருப்பீங்க. பாவம்," என்று சொல்லிவிட்டு வலது காதைக் காட்டினாள்.

ஊசி இறங்கியது. அவள் அழவில்லை. அண்ணன்தான் அழுதார். எங்கேயாவது வலிக்கிறதா என்று நான் கேட்டதற்குத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்லீங்க," என்றார்.