லீவு போடாத வருஷம்

ஒரு வார இதழின் புத்தாண்டுச் சிறப்பிதழில் யாரோ எழுதியிருந்தார்: வருகிற வருஷத்தில் செய்ய வேண்டியதையெல்லாம் தாளில் எழுதிக் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டி வையுங்கள், பாதி வேலை முடிந்த மாதிரிதான். நான் அதை அப்படியே நம்பினேன். தொண்ணூற்றியொன்று பிறந்த அன்று ஒரு முழுத் தாளில் ஐந்து எழுதி, சோற்றுப் பருக்கை தடவி, கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன்.

எங்கள் வீட்டில் அது ஒளித்து வைத்ததற்குச் சமம். நைனாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்துத் தெரியாது. தங்கச்சி ஐந்தாவதோடு நின்று, கல்யாணமாகி வாலாஜாபாத் பக்கம் போய்விட்டது. நைனா மட்டும் சுவருக்குக் கிட்டப் போய் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"எதுனா நோட்டீஸாடா அது?"

இல்லை, வேலை பர்மனென்ட் ஆக வேண்டும் என்று நானே எழுதியது என்றேன். மற்ற நான்கைச் சொல்லவில்லை. இங்கிலீஷ் டைப்பிங் லோயர் பாஸ் பண்ணுவது, தினமும் இங்கிலீஷ் பேப்பர் ஒரு பக்கம் படிப்பது, சைக்கிளுக்கு டைனமோ போடுவது. கடைசியாக, நைனாவின் வலது கண் ஆபரேஷன். அதில் புரை விழுந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மறுநாள்தான் வேலையில் சேர்ந்தேன். ஒரகடம் கூட்டுரோட்டுக்கு இந்தப் பக்கம், லாரிக்குப் போகிற கிளாம்பும் பிராக்கெட்டும் இரும்புத் தகட்டில் அடித்தெடுக்கிற பிரஸ் ஷாப். சேரப்பணஞ்சேரியிலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம். என்னையும் சேர்த்து டெம்பரவரியாக ஆறு பேர் சேர்ந்தோம். முதல் நாள் கேன்டீனிலேயே அந்தப் பேச்சு காதில் விழுந்தது. ஒரு வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை செய்தவனைக் கம்பெனி லேசில் அனுப்ப முடியாது, சட்டம் அப்படி என்று.

நான் சட்டம் என்று அறிந்தது பள்ளிக்கூடத்தில் இருந்ததைத்தான். வருகை குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள், குறையாவிட்டால் பயமில்லை. கம்பெனியும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு கிழித்தேன். ஐந்தாவது கோடு குறுக்கே.

என் மெஷினுக்குப் பக்கத்து மெஷினில் ஒரு அண்ணன் இருந்தார். அவரும் என்னோடு சேர்ந்த டெம்பரவரிதான், ஆனால் இதற்கு முன்பே இரண்டு கம்பெனி பார்த்தவர். என்னை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவார். மாதம் தவறாமல் நான்கைந்து நாள் லீவு போடுவார். லீவு லெட்டரை என்னிடம்தான் எழுதி வாங்குவார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் நான் சோற்றுக் கையைக் கழுவிவிட்டு, யாராவது ஒருவனுடைய மச்சினிக்கு வளைகாப்பு வைப்பேன், இன்னொருவன் குழந்தைக்கு அம்மை போட வைப்பேன். சூப்பர்வைசர் ஒருமுறை லெட்டரைப் பார்த்துவிட்டு, எல்லார் வீட்டு விசேஷமும் ஒரே கையெழுத்தில் வருகிறதே என்றாராம். எனக்கு அவர்கள் மேல் லேசான இளக்காரம் இருந்தது. சோம்பேறிகள், நாற்பதை விட்டுவிட்டு இருநூற்றிலேயே நின்றுவிடுவார்கள் என்று நினைத்தேன்.

பேப்பர் படிப்பது மார்ச் வரை ஓடியது. அதன் பிறகு டீக்கடைக்குப் போனால் நான் படிக்கிற பக்கத்தை யாராவது எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். படப்பையில் டைப்பிங் வகுப்புக்கு மாலையில் போய்க்கொண்டிருந்தேன். மே மாதம் பெரும்புதூரில் குண்டு வெடித்ததற்குப் பிறகு கொஞ்ச நாள் பஸ் இல்லை, ரோட்டில் நடமாட்டமும் இல்லை. பஸ் வந்தபோது கம்பெனியில் ஓவர்டைம் ஆரம்பித்துவிட்டது. பிரஸ்ஸில் பன்னிரண்டு மணி நேரம் நின்றவன் விரல் டைப்ரைட்டரில் நிற்காது. கட்டிய பீஸ் போனது போனதுதான். டைனமோவுக்கு லைட் வாங்கினேன், டைனமோ வாங்கவில்லை. இதெல்லாம் போனால் போகட்டும், முதல் வரி நடந்தால் மற்றது தானாக நடக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்டில் படப்பைப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானே நைனாவைக் கூட்டிக்கொண்டு போனேன். டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர், ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், புதன்கிழமை வேன் வரும், செங்கல்பட்டில் மூன்று நாள் தங்க வேண்டும், கூட ஒருவர் வர வேண்டும் என்றார்.

புதன், வியாழன், வெள்ளி. நோட்டில் அன்று நூற்றுத் தொண்ணூற்றுச் சொச்சம் கோடு இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வதுகூடப் பொய்தான், மனசு முதலிலேயே முடிவு செய்துவிட்டது. அம்மாவைக் கூடப் போகச் சொன்னேன்.

புதன்கிழமை ஷிப்ட் முடிந்து வந்தால் நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வேனில் ஏறியதும் ஒரு பேப்பரில் கைநாட்டு வைக்கச் சொன்னார்களாம். இவர் வைக்கவில்லை. நான் பிறப்பதற்கு முன்பு, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ஒரு பத்திரத்தில் கைநாட்டு வைத்து, ஏரிக்கரையோரம் அரைக் காணி நிலம் போயிருந்தது. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததற்கே அதுதான் காரணம்.

"படிச்சிக் காட்ட யாரும் இல்ல. நீயும் இல்ல," என்றார். "நான் எறங்கிட்டேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. நீ இருந்திருந்தால் வைத்திருப்பேன் என்று ஒரு தகவலைச் சொன்ன மாதிரி சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த முகாமுக்கு நானே வருவேன், அதற்குள் பர்மனென்ட் ஆகிவிடும், சம்பளத்தோடு லீவு கிடைக்கும் என்று அவர் முதுகுக்குச் சொன்னேன்.

அக்டோபர் முதல் வாரத்தில், ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது, டைம் ஆபீசில் கூப்பிட்டார்கள். பஞ்சிங் கார்டை வாங்கிக்கொண்டு, பிரேக் என்றார் கிளார்க். இரண்டு மாதம் கழித்து வந்து பாருங்கள், புதுசாக எடுப்பார்கள் என்றார். நோட்டில் இருநூற்று முப்பத்தொரு கோடு இருந்தது. அதைக் காட்டி, இன்னும் ஒன்பது நாள்தானே சார் என்றேன். அவர் நோட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அதனாலதாம்ப்பா என்றார்.

ஆறு பேரில் முதலில் வெளியே போனவன் நான்தான். சைக்கிளை எடுக்கும்போது அந்த அண்ணன் பின்னாலேயே வந்தார். அவருக்கு எத்தனை நாள் ஆகியிருக்கிறது என்று கேட்டேன். இருநூறுகூட ஆகவில்லை என்றார். எல்லோரையும் ஒருநாள் நிறுத்தத்தான் போகிறார்கள், லீவு போட்டுப் போட்டு ஓட்டினால் ஆயுத பூஜைக்குப் பொரியும் தீபாவளிக்கு ஸ்வீட்டும் வாங்கிக்கொண்டு போகலாம், கணக்கு அவ்வளவுதான் என்றார். எனக்குத் தலைக்குள் நான் எழுதிய லீவு லெட்டர்கள் ஒவ்வொன்றாக ஓடின.

"ஏண்ணா என்கிட்ட சொல்லல?"

"நீ கேட்டியா? கோடு போட்டுகினு குந்தினுகீற. படிச்ச புள்ள, சட்டம் தெரிஞ்சிதான் பண்றான், நம்மகிட்ட இன்னா கீதுன்னு வுட்டுட்டோம்." கேரியரைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஒரு நாளு, ரெண்டு நாளு, ஏன் நீ லீவே போடலன்னு உன்னாண்ட கேக்கலாமான்னு பாத்தேன் வாத்தியாரே. நீ சிரிப்பியோன்னு இருந்துட்டேன்."

நான் சிரித்திருப்பேன் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது.

இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். முகாம் எதுவும் வரவில்லை. செங்கல்பட்டுக்கு நாமே போவோம் என்று இரண்டு முறை சொன்னேன். முதல் முறை நாற்று நட்டுக்கொண்டிருந்தோம், இரண்டாவது முறை மழை. நைனாவுக்கு இடது கண்ணிலும் மங்கல் ஆரம்பித்திருந்தது. சொம்பை வைத்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கை போகும். அதை நாங்கள் பார்க்காத மாதிரி இருப்போம்.

டிசம்பரில் திரும்ப எடுத்தார்கள். புது விண்ணப்பம், புது டோக்கன் நம்பர். அதே மெஷின். முன் அனுபவம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கிளார்க்கைக் கேட்டேன். இல்லை என்று எழுதச் சொன்னார்.

வருஷக் கடைசி நாள் பகல் ஷிப்ட் முடிந்து வந்து சுவரில் இருந்த தாளைப் பிய்த்தேன். பருக்கை இறுகிப் போயிருந்ததால் சுண்ணாம்போடு வந்தது. புதுத் தாள் எடுத்து, முதல் வரியில் நைனாவின் கண் என்று எழுதினேன். இரண்டு என்று நம்பர் போட்டுவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பர்மனென்ட் என்று எழுதக் கை வரவில்லை. வெறுப்பு என்று சொல்ல முடியாது, தோள்பட்டை வலி மாதிரி ஒரு அலுப்பு. டைப்பிங்கையும் எழுதவில்லை. ஒரே ஒரு வரியோடு அதை ஒட்டினேன். நைனா அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். உன் கண்ணுதான் நைனா என்றேன். வேறு ஒன்றும் இல்லையா என்றார். இல்லை என்றேன்.

ஜனவரியில் முகாம் வந்தது. எனக்காக நான் எழுதிய முதல் லீவு லெட்டர் அதுதான். அடுத்தவன் மச்சினிக்கு ஒரு பக்கம் எழுதியவனுக்கு இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது, அதற்குள் மூன்று நாளா என்றார் சூப்பர்வைசர். ஆமாம் சார் என்று நின்றேன். கையெழுத்துப் போட்டார்.

செங்கல்பட்டில் டாக்டர் பார்த்துவிட்டு, புரை முற்றிப்போய்விட்டது, போன வருஷமே வந்திருக்கலாம், செய்து பார்ப்போம் என்றார். நர்ஸ் பேப்பரைக் கொடுத்தார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து நைனாவுக்கு வரி வரியாகப் படித்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை திரும்பாமல் போனாலும் அதற்கு யாரும் பொறுப்பல்ல என்று ஒரு வரி இருந்தது. அங்கே நின்றேன். அதைத் தாண்டிப் போயிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. படித்தேன்.

அவர் பேப்பரை விரலால் தடவிப் பார்த்தார்.

"போன தபா குடுத்த பேப்பர்லயும் இதேதான் எழிதி இருந்துச்சா?"

"இதேதான் இருந்திருக்கும் நைனா."

"சரி. எங்க வெக்கணும், காட்டு," என்று கட்டைவிரலை நீட்டினார். இடம் தெரியாமல் அது காற்றில் நின்றது. நான் பிடித்துக் கொண்டுபோய் வைத்தேன்.