காயைத் தின்னும், இலையைத் தொடாது

ஜேசிபி ஓட்டுகிறவனை வேலை முடிந்த நிலத்துக்குத் திரும்பக் கூப்பிட்டால் அது சண்டைக்குத்தான். மழை பெய்த மறுவாரம் பரளச்சி முத்துராக்கு அக்கா கூப்பிட்டார். அடுத்தவர் நிலத்தில் களையெடுத்தே காலத்தைக் கழித்தவர். சொந்தமாக வாங்கிய நிலத்தில் இதுதான் முதல் வெள்ளாமை. வாங்கும்போது அது சீமைக் கருவேலங்காடு. கோடையில் நான்தான் தூரோடு பறித்துப் போட்டேன்.

போய்ப் பார்த்தேன். புழுதியில் விதைத்த கம்பு முளைத்திருந்தது. அதற்குப் போட்டியாகக் கருவேலங்கன்றும் முளைத்திருந்தது.

"தூரு ஒண்ணு விடலைன்னீகளே தம்பி. இது என்ன, ஒங்க மிசினு போட்ட குட்டியா?" என்றார் அக்கா.

எனக்குக் கோபம். ஒரு கன்றைப் பிடுங்கினேன். பழைய தூரில் துளிர்த்ததல்ல, விதையில் வந்தது. வேரில் ஆட்டுப் புழுக்கை ஒட்டியிருந்தது.

விதைப்புக்கு முன் அக்கா கிடை போட்டிருக்கிறார். இரவில் ஆடுகளை நிலத்தில் அடைத்தால் புழுக்கை உரமாகும். நம் பக்கம் எல்லோரும் செய்வதுதான். அந்த ஆடுகள் பகலெல்லாம் கண்மாய்க் கருவேலங்காட்டில் காய் தின்றவை.

ஆட்டுக்காரர் கருப்பையா பழியை ஏற்கவில்லை. ஆடு முளைக்க வைத்ததென்றால் ஆடே தின்னட்டும் என்று, விதைக்காத ஓரத்தில் நாலு ஆட்டை விட்டார். புல்லைத் தின்றன. கருவேலங்கன்றை மோந்துவிட்டு ஒதுங்கின.

அப்போதுதான் அந்த மரத்தின் கெட்டிக்காரத்தனம் உறைத்தது. காயை இனிப்பாக வைத்திருக்கிறது. ஆடு தேடி வரும். விதையைப் பல்லுக்கு உடையாத ஓட்டில் வைத்திருக்கிறது. வயிற்றில் சில நாள் கிடந்து ஓடு இளகி, உரத்தோடு வெளியே வரும். இலையை மட்டும் கசப்பாக வைத்திருக்கிறது. ஆடும் ஏமாளி இல்லை. புல் கருகிய கோடையில் அதன் வயிறு அந்தக் காயால்தான் நிறைகிறது. எங்கோ கடல் கடந்த ஊரில் வேறு மிருகத்தோடு பழகிய வித்தையை, நம்மூர் ஆட்டிடம் காட்டி ஜெயித்த மரம் அது. இதைத்தான் பேய் என்று திட்டுகிறீர்கள். புரியாததைத் திட்டுவது சுலபம்.

ஈரம் காயுமுன் பிடுங்காவிட்டால் வேர் ஆழப் பிடித்துவிடும்; கம்பு அவ்வளவுதான். பயிருக்குள் மிஷினும் இறங்காது, ஆட்டையும் விட முடியாது. மூன்று பேரும் குனிந்தோம்.

"என்ன அண்ணே, ஆடு விதைச்சதுக்கு நீக களையெடுக்கீக?" என்று அக்கா சீண்டினார்.

"விதைச்ச கூலிய மொதல்ல ஆட்டுக்குக் குடு தாயி" என்றார் கருப்பையா.

கம்பு தேறியது. நான் கற்றது இதுதான்: நாங்கள் மரத்தைத்தான் பறிக்கிறோம். அதற்கும் ஆட்டுக்கும் உள்ள உறவைப் பறிக்க இன்னும் மிஷின் வரவில்லை.

இந்த வருஷமும் அக்கா நிலத்தில் கிடை உண்டு. ஆடுகளை உள்ளே விடுமுன் வழியை மறித்து நின்று கேட்கிறார்:

"காய் தின்னு எத்தன நாளாச்சு?"